நித்தியகல்யாணி இலையிலிருந்து மருந்து வந்த கதை



சில மாதங்களுக்கு முன்பு ஒரு தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் சுகாதார வகுப்பு ஒன்றை நடத்தினோம். பின்னேரம் கொழுந்து நிறுத்து முடிந்த பிறகுதான் வகுப்பு. முடிந்ததும் எல்லாரும் எழும்பிப் போய்விட்டார்கள். ஒரு அக்கா மட்டும் கூடையைத் தலையில் மாட்டியபடி வாசலில் நின்றார்.

"டீச்சர், ஒன்னு கேக்கணும். நித்தியகல்யாணி இலையில இருந்துதான் புத்துநோய்க்கு ஊசி மருந்து செய்றாங்களாமே, மெய்தானா?"

"மெய்தான் அக்கா" என்றேன்.

"அப்ப அந்த இலைய அவிச்சுக் குடுத்தாப் போதுந்தானே? எங்க வீட்டுக்காரருக்குக் கன்னத்துக்கு உள்ளுக்க ஒரு புண்ணு. ரெண்டு மாசமா ஆறல. லயத்துக் கோடியில செடி நெறைய நிக்குது. மூனு நாளா அவிச்சுக் குடுத்துக்கிட்டு வாறேன்."

அக்கா கேட்ட முதல் கேள்விக்குப் பதில் 'ஆம்'. இரண்டாவது கேள்விக்குப் பதில் 'இல்லை'. அன்று இருட்டிக்கொண்டு வந்ததால் அதிகம் பேச முடியவில்லை. "கசாயத்த நிப்பாட்டுங்க, நாளைக்கே அண்ணன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். ஏன் 'ஆம்', ஏன் 'இல்லை' என்பதை விளக்கமாகச் சொல்வதே இந்தப் பாடம். வீட்டில் வாசிக்கத் தெரிந்த பிள்ளை ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்டால் நல்லது.

25 இலைகள்

நித்தியகல்யாணியை அறியாதவர் யாரும் இல்லை. வெள்ளையும் இளஞ்சிவப்புமாக வருஷம் முழுவதும் பூக்கும். சிங்களத்தில் 'மினி மல்' என்பார்கள். இதன் சொந்த ஊர் ஆபிரிக்காவுக்குக் கிழக்கே உள்ள மடகஸ்கார் தீவு. அங்கிருந்து கப்பலேறி வெப்ப நாடுகள் எல்லாவற்றுக்கும் பரவிவிட்டது. போன இடமெல்லாம் ஏழை மக்கள் இதைக் கைமருந்தாகப் பாவித்தார்கள். பல நாடுகளில் சீனி வருத்தத்துக்கு இதன் இலையை அவித்துக் குடிக்கும் வழக்கம் இருந்தது.

1952இல் கனடாவில் கிளார்க் நோபிள் என்ற டொக்டருக்கு ஒரு கடித உறை வந்தது. அனுப்பியவர் ஜமெய்க்காத் தீவில் இருந்த அவருடைய நோயாளி ஒருவர். உறைக்குள் 25 நித்தியகல்யாணி இலைகள் இருந்தன. இன்சுலின் கிடைக்காத நேரத்தில் அங்குள்ளவர்கள் சீனி வருத்தத்துக்கு இதைத்தான் குடிக்கிறார்கள் என்று எழுதியிருந்தது. கிளார்க் நோபிள் அந்த இலைகளைத் தம் சகோதரர் ரொபர்ட் நோபிளுக்கு அனுப்பினார். ரொபர்ட் நோபிள் கனடாவின் மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர்.

அவர் இலைச் சாற்றை எலிகளுக்குக் குடிக்கக் கொடுத்துப் பார்த்தார். இரத்தத்தில் சீனி குறையவில்லை. பிறகு சாற்றை ஊசியால் ஏற்றிப் பார்த்தார். அப்போதும் சீனி குறையவில்லை. ஆனால் சில நாட்களில் எலிகள் கிருமித் தொற்றினால் செத்துப் போயின. சும்மா விட்டுவிடாமல் ஏன் செத்தன என்று தேடினார்கள். எலிகளின் இரத்தத்தில் வெள்ளைக் கலங்கள் மிகவும் குறைந்திருந்தன. கிருமிகளோடு சண்டை பிடிப்பவை வெள்ளைக் கலங்கள்தான். அவை இல்லாமல் போனதால்தான் கிருமி வென்றது.

இதில் நோபிள் இன்னொன்றையும் கண்டார். இரத்தப் புற்றுநோய் என்பது வெள்ளைக் கலங்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் நோய். வெள்ளைக் கலங்களைக் குறைக்கும் பொருள் ஒன்று இந்த இலையில் இருக்குமானால், அது அந்த நோய்க்கு மருந்தாகலாம் அல்லவா? சீனி வருத்தத்துக்கு மருந்து தேடப் போய்ப் புற்றுநோய் மருந்தின் வாசலுக்கு வந்து நின்றார்கள்.

ஜமெய்க்கா மக்கள் நம்பியது அப்படியே மெய்யாகவில்லை. ஆனாலும் அவர்கள் அந்த இலையைக் கவனித்து வைத்திருக்காவிட்டால் யாரும் அதைச் சோதித்திருக்கவே மாட்டார்கள். நம்ம பாட்டிமாரின் பச்சிலை அறிவும் அப்படித்தான். அது தேடலின் தொடக்கம். முடிவு என்று எடுத்துக்கொள்வதுதான் ஆபத்து.

ஒரு பொருளைத் தனியே எடுப்பது எப்படி?

ஒரு இலைக்குள் ஆயிரக்கணக்கான சேர்வைகள் உள்ளன. நித்தியகல்யாணியில் அல்கலொயிட்டு என்ற வகைச் சேர்வைகள் மட்டுமே 100க்கு மேல் உண்டு. இதில் எது வெள்ளைக் கலங்களைக் குறைத்தது? அதைக் கண்டுபிடிக்க 1954இல் சார்ல்ஸ் பியர் என்ற இரசாயன விஞ்ஞானி நோபிளோடு சேர்ந்துகொண்டார்.

கொழுந்தைத் தேயிலையாக்கும் வேலை நமக்குப் பழக்கமானது. ஸ்டோரில் வாட்டி, அரைத்து, புளிக்க வைத்து, காயவைத்து, சல்லடையில் போட்டு இனம் பிரிக்கிறோம். இரசாயன விஞ்ஞானியின் வேலையும் படிப்படியானதுதான்.

முதலில் இலையைக் காயவைத்துத் தூளாக்குவார்கள். தூளை ஒரு கரைப்பானில் ஊறவைப்பார்கள். நாம் சுடுதண்ணீரில் தேயிலைச் சாயத்தை இறக்குவதுபோல இலையில் உள்ளவை கரைப்பானில் இறங்கிவிடும்.

அடுத்து, அல்கலொயிட்டுகளை மற்றவற்றிலிருந்து பிரிக்க வேண்டும். அல்கலொயிட்டுகளுக்கு ஒரு குணம் உண்டு. புளிப்புத் தன்மையுள்ள தண்ணீரில் அவை நன்றாகக் கரையும். அந்தத் தண்ணீரின் புளிப்பை, சுண்ணாம்பு போன்ற காரப் பொருள் ஒன்றைச் சேர்த்து முறித்தால், தண்ணீரை விட்டு வெளியே வந்துவிடும். இப்படிப் புளிப்பும் காரமும் மாறி மாறிக் கொடுத்தால் இலையின் பச்சை, பிசின், எண்ணெய் எல்லாம் கழிந்து அல்கலொயிட்டுக் கூட்டம் மட்டும் மிஞ்சும்.

மூன்றாவது, அந்தக் கூட்டத்துக்குள் ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். நீளமான ஒரு கண்ணாடிக் குழாயில் அலுமினா என்ற வெள்ளைத் தூளை நிரப்பி, மேலே இருந்து கரைசலை ஊற்றுவார்கள். சில சேர்வைகள் தூளோடு இறுக ஒட்டிக்கொண்டு மெதுவாக இறங்கும். சில ஒட்டாமல் விரைவாக இறங்கும். கீழே சொட்டுவதைச் சிறு சிறு போத்தல்களில் வேறு வேறாகப் பிடிப்பார்கள். சல்லடை பருமனைப் பார்த்து இனம் பிரிக்கிறது. இந்தக் குழாய் ஒட்டும் குணத்தைப் பார்த்துப் பிரிக்கிறது.

கடைசியில் ஒவ்வொரு போத்தலையும் எலியில் சோதிப்பார்கள். எந்தப் போத்தல் வெள்ளைக் கலங்களைக் குறைக்கிறதோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி பிரிப்பார்கள். பிரி, சோதி, மறுபடி பிரி, மறுபடி சோதி. இப்படிப் போய் 1958இல் தூய பளிங்குத் தூளாக ஒரு சேர்வை கிடைத்தது. அதுதான் வின்பிளாஸ்டின்.

அதே காலத்தில் அமெரிக்காவில் ஈலை லில்லி என்ற மருந்துக் கம்பனியிலும் இதே செடியைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே கோர்டன் ஸ்வோபோடா என்பவரும் கூட்டாளிகளும், இரத்தப் புற்றுநோய் உள்ள சுண்டெலிகள் இந்தச் சாற்றினால் கூடுதல் நாள் உயிர் வாழ்வதைக் கண்டார்கள். அவர்கள் பிரித்தெடுத்த இன்னொரு சேர்வைதான் வின்கிறிஸ்டின். இரண்டுக்கும் அமைப்பில் வேறுபாடு மிகச் சிறியது. ஆனால் உடம்பில் நடக்கும் வேலை வேறு. வின்பிளாஸ்டின் இரத்தம் ஊறும் எலும்பு மச்சையைக் கூடுதலாகத் தாக்கும். வின்கிறிஸ்டின் நரம்புகளைக் கூடுதலாகத் தாக்கும். வின்கிறிஸ்டினை மருந்தாகப் பாவிக்க 1963இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது.

பிள்ளைகள் செய்து பார்க்க

குழாயில் பிரிப்பதை வீட்டிலேயே விளங்கிக்கொள்ளலாம். ஒரு வெண்கட்டித் துண்டை எடுங்கள். அடியிலிருந்து ஒரு விரல் உயரத்தில், தண்ணீரில் கரையும் கறுப்புக் கலர் பேனையால் சுற்றி ஒரு கோடு போடுங்கள். ஒரு தட்டில் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றி, கோடு தண்ணீரில் படாதபடி வெண்கட்டியை நிறுத்துங்கள். தண்ணீர் மெதுவாக மேலே ஏறும். கறுப்பு மையும் கூடவே ஏறி நீலம், சிவப்பு, மஞ்சள் என்று பிரியும். கறுப்பு ஒரே நிறம் என்று நினைத்தோம். உள்ளே பல நிறங்கள் இருந்திருக்கின்றன. இலைச் சாறும் அப்படித்தான். பார்க்க ஒன்று, உள்ளே நூறு.

புற்றுநோய்க் கலங்களில் சோதனை

நித்தியகல்யாணி காலத்தில் பெரும்பாலும் எலிகளில்தான் சோதித்தார்கள். இன்று ஒரு சேர்வையை முதலில் கண்ணாடி, பிளாஸ்டிக் தட்டுகளில் வளர்க்கும் மனிதப் புற்றுநோய்க் கலங்களில் சோதிக்கிறார்கள்.

இதற்கு வழி திறந்தவர் படித்த விஞ்ஞானி அல்ல. நம்மைப் போல ஒரு உழைப்பாளிப் பெண். பெயர் ஹென்றியெட்டா லக்ஸ். அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் புகையிலைத் தோட்டத்தில் வேலை செய்து வளர்ந்த கறுப்பினப் பெண். ஐந்து பிள்ளைகளின் தாய். 1951இல் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயோடு போல்டிமோர் நகரத்து ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே அவருடைய கட்டியிலிருந்து எடுத்த கலங்களை, அவரிடம் அனுமதி கேட்காமலே, ஆய்வுகூடத்தில் வளர்த்தார்கள். அதுவரை மனிதக் கலங்கள் ஆய்வுகூடத்தில் சில நாட்களில் செத்துவிடும். இவருடைய கலங்கள் சாகாமல் பெருகிக்கொண்டே இருந்தன. அவர் அதே வருஷம் ஒக்டோபரில் 31 வயதில் காலமானார். 'ஹீலா' என்று பெயர் பெற்ற அவருடைய கலங்கள் இன்றும் உலகம் முழுவதும் மருந்துச் சோதனைகளில் பாவிக்கப்படுகின்றன. குடும்பத்துக்கு இது தெரியவந்தது 20க்கு மேற்பட்ட வருஷங்களுக்குப் பிறகுதான். ஒரு ஏழைப் பெண்ணுக்கு நடந்த அந்த அநியாயத்தையும், உலகத்துக்குக் கிடைத்த நன்மையையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

இப்போது சோதனையைப் பார்ப்போம். உள்ளங்கை அளவுள்ள ஒரு தட்டில் 96 சிறு குழிகள் இருக்கும். ஒவ்வொரு குழியிலும் சத்துத் தண்ணீர் விட்டு, புற்றுநோய்க் கலங்களைப் போட்டு, நம் உடம்புச் சூடான 37 பாகை செல்சியசில் வைப்பார்கள். பிறகு சேர்வையைச் சில குழிகளில் கூடுதலாக, சில குழிகளில் குறைவாக விடுவார்கள். சில குழிகளில் சேர்வை விடாமல் சும்மா வைப்பார்கள். இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு மஞ்சள் சாயம் விடுவார்கள். உயிருள்ள கலம் அந்த மஞ்சளை ஊதாவாக மாற்றும். செத்த கலம் மாற்றாது. எந்தக் குழியில் எவ்வளவு ஊதா என்று கருவியால் அளந்தால், எவ்வளவு சேர்வைக்குப் பாதிக் கலங்கள் அழிந்தன என்று தெரியும்.

சும்மா வைத்த குழிகள் எதற்கு? தோட்டத்தில் புல்லுக்கு மருந்து அடிப்பதை யோசியுங்கள். அடிக்காத ஒரு பாத்தி பக்கத்தில் இருந்தால்தான், புல் மருந்தால் செத்ததா, வெயிலால் செத்ததா என்று சொல்ல முடியும். இன்னொன்றும் பார்க்க வேண்டும். புல்லோடு சேர்ந்து தேயிலைச் செடியும் செத்தால் அந்த மருந்தால் என்ன பிரயோசனம்? அதனால்தான் நோயில்லாத கலங்களிலும் அதே சேர்வையைச் சோதிக்கிறார்கள்.

தட்டில் செத்தால் மருந்தாகிவிடுமா?

இல்லை. குழியில் மண்ணெண்ணெய் ஊற்றினாலும் புற்றுநோய்க் கலம் சாகத்தான் செய்யும். அதற்காக மண்ணெண்ணெயைக் குடிக்க முடியுமா? தட்டில் வென்ற சேர்வை உடம்புக்குள் போனால் வயிற்றில் கெட்டுப்போகலாம், ஈரல் அதை உடைத்துவிடலாம், புண் உள்ள இடத்துக்குப் போய்ச் சேராமலே இருக்கலாம், அல்லது இருதயத்தையும் நரம்பையும் கெடுக்கலாம். ஆகவே தட்டுக்குப் பிறகு விலங்குகளிலும், அதற்குப் பிறகு சம்மதம் கொடுத்த நோயாளிகளில் மிகச் சிறிய அளவிலிருந்தும் சோதித்து, பழைய சிகிச்சையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

இந்த வழியில் கடைசி மட்டும் வருபவை மிகச் சில. அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1960இலிருந்து ஏறக்குறைய 20 வருஷங்களில் சுமார் 35,000 வகைத் தாவரங்களைச் சோதித்தது. அதில் வெற்றி பெற்றவற்றில் ஒன்று பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டை. பட்டை எடுத்தது 1962இல். கலங்களில் அது வேலை செய்வது தெரிந்தது 1964இல். அதிலிருந்து கிடைத்த டக்சோல் என்ற மருந்துக்கு அனுமதி வந்தது 1992இல். பட்டை உரித்ததிலிருந்து மருந்தாக 30 வருஷம்.

நம்ம தேயிலையையும் சொல்ல வேண்டும். பச்சைத் தேயிலையில் உள்ள கட்டெச்சின் என்ற சேர்வைகள் தட்டில் புற்றுநோய்க் கலங்களைத் தடுக்கின்றன என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. "தேத்தண்ணி குடிச்சா புத்துநோய் வராது" என்ற பேச்சு அதிலிருந்து வந்ததுதான். ஆனால் மனிதரில் புற்றுநோயைக் குணமாக்கும் மருந்தாக அது நிரூபிக்கப்படவில்லை. தேத்தண்ணீரை ருசிக்காகக் குடிப்போம், மருந்து என்று நம்பிக் குடிக்க வேண்டாம்.

இந்த மருந்து என்ன செய்கிறது?

ஒரு கலம் இரண்டாகப் பிரியும்போது உள்ளே மெல்லிய நூல்களைக் கட்டி, தன் பரம்பரைப் பொருளை இரண்டு பக்கமும் இழுத்துப் பங்கு போடும். வின்பிளாஸ்டினும் வின்கிறிஸ்டினும் அந்த நூல் கட்டும் துண்டுகளோடு ஒட்டிக்கொள்ளும். நூல் கட்ட முடியாது. பாதி வழியில் நின்று கலம் செத்துவிடும். புற்றுநோய்க் கலங்கள் அடிக்கடி பிரிவதால் அவற்றுக்குத்தான் பெரிய அடி.

ஆனால் முடியின் வேர், வாய்த் தோல், எலும்பு மச்சை ஆகியவற்றிலும் கலங்கள் வேகமாகப் பிரிகின்றன. புற்றுநோய்ச் சிகிச்சையில் முடி கொட்டுவதும், வாய் புண்ணாவதும், இரத்தக் கலங்கள் குறைவதும் இதனால்தான். ஆகவே டொக்டர்கள் இரத்தத்தைச் சோதித்துப் பார்த்துத்தான் ஊசி போடுவார்கள். வளர்ந்த ஒருவருக்கு ஒரு வேளை வின்கிறிஸ்டின் வழக்கமாக 2 மில்லிகிராமைத் தாண்டாது. அது சில சீனி மணிகளின் எடைதான். அதையும் இரத்த நாளம் வழியே மட்டும்தான் ஏற்ற வேண்டும்.

1960க்கு முன்பு இரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் பிழைத்தவர்கள் மிகச் சிலர். இன்று வசதியான நாடுகளில், பிள்ளைகளுக்குக் கூடுதலாக வரும் வகையில், பத்தில் ஒன்பது பேர் அளவில் பிழைக்கிறார்கள். வின்கிறிஸ்டின் மட்டும் இதைச் செய்யவில்லை. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்ததால் வந்த பலன் இது. அந்தக் கூட்டத்தில் வின்கிறிஸ்டினுக்கு இன்றும் இடம் இருக்கிறது.

அப்படியானால் இலையை அவித்துக் குடித்தால் என்ன?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாலரைக் கிலோ அளவு பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலை வருகிறது. ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க, காய்ந்த நித்தியகல்யாணி இலை சுமார் 500 கிலோ வேண்டும். அதாவது ஒரு கிலோ காய்ந்த இலையில் கிடைப்பது 2 மில்லிகிராம் அளவுதான். அக்கா சட்டியில் போட்ட ஒரு பிடி இலையில் எவ்வளவு இருந்திருக்கும்? மழைக்கும் வெயிலுக்கும் செடிக்குச் செடி அளவு மாறும். யாரும் அளந்து சொல்ல முடியாது.

மருந்து அளவுக்கு இல்லையென்றால் குடித்தால் பாதகம் இல்லையே என்று கேட்கலாம். மற்ற நூறு அல்கலொயிட்டுகளை மறந்துவிட வேண்டாம். இரத்த அழுத்தத்தை இறக்கக்கூடியவை, நஞ்சானவை எல்லாம் அதே சட்டிக்குள்தான் இருக்கின்றன. ஏற்கெனவே அழுத்தத்துக்கு அல்லது சீனிக்குக் குளிசை போடுகிறவருக்கு இன்னும் ஆபத்து.

இன்னொரு விஷயம். வின்கிறிஸ்டினைப் பெரும்பாலும் கொடுப்பது இரத்தப் புற்றுநோய்க்கும், நிணநீர் முடிச்சுகளில் வரும் புற்றுநோய்க்கும், பிள்ளைகளுக்கு வரும் சில கட்டிகளுக்கும். வாய்ப் புற்றுநோய்க்கு முக்கிய சிகிச்சை சத்திரசிகிச்சையும் கதிர்ச் சிகிச்சையும். ஆகவே அந்தச் செடியின் தூய மருந்தே கையில் இருந்தாலும் அக்காவின் வீட்டுக்காரருக்கு அது முதல் மருந்து அல்ல.

எல்லாவற்றையும் விடப் பெரிய நட்டம், போகின்ற நாட்கள். கசாயம் குடித்துக் காத்திருக்கும்போது புண் காத்திருக்காது. தொடக்கத்தில் சின்னதாக வெட்டி எடுக்கக்கூடியது, மாதங்கள் போனால் தாடைக்கும் கழுத்துக்கும் இறங்கிவிடும்.

வாயைப் பாருங்கள்

இலங்கையில் ஆண்களுக்குக் கூடுதலாக வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். குளிரிலும் மழையிலும் மலையேறும்போது ஒரு வாய் வெத்திலை சூட்டைத் தரும், பசியையும் மறக்க வைக்கும். அது எங்களுக்கும் தெரியும். ஆனால் புகையிலை மட்டும்தான் கூடாது, பாக்கு நல்லது என்று நினைப்பது தவறு. பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்ட அறிக்கையில் சொல்லியிருக்கிறது. வெத்திலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு தூங்குவது மிகவும் கூடாது.

மாதம் ஒரு முறை வாயைக் கழுவிவிட்டு, பகல் வெளிச்சத்தில் கண்ணாடியில் பாருங்கள். உதட்டின் உட்புறம், இரண்டு கன்னம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி, அண்ணம். கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் காட்ட வேண்டும்:

- இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண்
- துடைத்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு
- வாயிலோ கழுத்திலோ ஒரு கட்டி
- மூன்று விரல் நுழையும் அளவுக்கு வாய் திறக்க முடியாமை
- காரம் பட்டால் தாங்க முடியாத எரிவு

முதலில் தோட்டத்து மருத்துவ உதவியாளரிடம் அல்லது பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியின் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். சந்தேகம் என்றால் சிறு துண்டு எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். "கத்தி பட்டா பரவும்" என்பது பிழையான பேச்சு. துண்டு எடுத்துப் பார்க்காமல் நோயைத் தெரிந்துகொள்ள முடியாது. மஹரகம அபேக்ஷா ஆஸ்பத்திரி உட்பட அரசாங்க ஆஸ்பத்திரிகளில் சிகிச்சை இலவசம். ஒரு நாள் போனால் ஒரு பேர் போகும் என்பது மெய்தான். பஸ் காசும் செலவாகும். ஆனாலும் தள்ளிப்போட்டால் போவது ஒரு நாள் சம்பளம் மட்டும் அல்ல.

தாய்மாருக்கு ஒரு வார்த்தை. ஹென்றியெட்டா லக்ஸுக்கு வந்த கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை இன்று முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். 35 வயதிலும் 45 வயதிலும் அதற்கான சோதனைக்கு அழைப்பார்கள். வெட்கப்படாமல் குடும்பநல மருத்துவ மாதுவிடம் கேட்டுப் போங்கள்.

வீட்டில் ஏதாவது பச்சிலை குடித்திருந்தால் டொக்டரிடம் மறைக்க வேண்டாம். ஏசுவார்கள் என்று பயப்பட வேண்டாம். எதைக் குடித்தீர்கள் என்று தெரிந்தால்தான் கொடுக்கும் மருந்தோடு அது முட்டாமல் பார்த்துக்கொள்ள முடியும்.

அந்த அக்கா

அடுத்த முறை அந்தத் தோட்டத்துக்குப் போனபோது அக்கா என்னைத் தேடி வந்தார். அடுத்த நாளே போக முடியவில்லையாம். கைக்காசு இல்லை. சம்பளம் போட்ட மறுநாள் கூட்டிப் போயிருக்கிறார். துண்டு எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய்தான், ஆனால் தொடக்கம். கன்னத்தின் உட்புறத்தில் அந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டார்கள். கொஞ்ச நாள் கஞ்சிதான் சாப்பாடு. இப்போது கிளினிக்குக்குத் தவறாமல் போகிறார். வெத்திலைப் பையை அடுப்பில் போட்டுவிட்டாராம்.

"செடிய என்னா செய்றது டீச்சர், புடுங்கிறவா?" என்று கேட்டார்.

"எதுக்கு அக்கா புடுங்கணும்? சாமிக்குப் பூ வைங்க. சட்டியில மட்டும் போடாதீங்க" என்றேன்.

குடும்பமாகப் பேசிப் பார்க்க

1. நோபிள் எந்த நோய்க்கு மருந்து தேடினார்? எதைக் கண்டார்?
2. சோதனைத் தட்டில் சில குழிகளைச் சும்மா வைப்பது ஏன்?
3. தட்டில் புற்றுநோய்க் கலத்தைக் கொல்லும் சேர்வை எல்லாம் மருந்தாகாதது ஏன்?
4. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு எத்தனை கிலோ காய்ந்த இலை வேண்டும்?
5. நம் வீட்டில் கடைசியாக வாயைக் கண்ணாடியில் பார்த்தவர் யார்? எப்போது?

முதல் நான்குக்கும் பதில் இந்தப் பாடத்தில் இருக்கிறது. ஐந்தாவதுக்கு நாளைக் காலை வெளிச்சத்தில் பதில் தேடுங்கள்.